சங்கரசுப்பு அண்ணாச்சியின் கடைவாய்ப்பல்

ஏலே, அந்த அரிக்கேன் திரியைக் கொஞ்சம் எறக்கு, கண்ணு கூசுது. கரண்டு இனி விடியத்தான் வரும். தறி பூராவும் நின்னுபோச்சி. வீட்டுக்குப் போனா முதலாளி நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவான். எல்லாரும் இந்த நூல் மூட்டைப் பக்கமா நெருங்கி உக்காருங்க.

பேய்க் கதை வேணும்ங்கீங்க. சுடுகாடு, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம்... அந்தக் கழுதையெல்லாம் எங்கிட்ட கிடையாது. எங்கிட்ட இருக்கது பட்டப்பகல்ல வந்த பேயி. அதுக்கு இஷ்டம்னா கேளுங்க. இல்லைன்னா துண்டை விரிச்சிப் படுங்க.

நம்ம பெருமாள்சாமி இன்னிக்கு லீவுல்லா? அதான் தைரியமாச் சொல்லுதேன். இது அவன் பெரியப்பன் சங்கரசுப்புவுக்கு நடந்தது. வருசம் எழுபத்தெட்டோ எழுபத்தொம்பதோ.

உச்சிப்பொழுது.

வாசுதேவநல்லூருக்கு முன்னால, பாதை பிரியுற ஒரு விலக்குல பஸ்ஸை விட்டு எறங்குதான் சங்கரசுப்பு. அங்கன இருந்து ஒரு அரிசி மில்லுக்குப் போகணும். குளத்துக்கரை மேலதான் பாதை. ஈ காக்கா இல்லை. குளம் வத்திச் சேறு வெடிச்சிக் கெடக்கு. வெயிலு மண்டையப் பொளக்கு. அவன் நெழலு அவன் காலுக்குக் கீழேயே சுருண்டு கெடக்கு. கையில ஒரு பை... வெத்தலை, பாக்கு, பழம், கொஞ்சம் மிட்டாய். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போறான்.

கொஞ்ச தூரம் நடந்திருப்பான்.

பின்னால ஒரு சத்தம். டக்... டக்... டக்... டக்... தையல் மிசினை மிதிக்க மாதிரி. அதுக்கு மேல மெல்லிசா இன்னொரு சத்தம். க்ர்ர்ர்ர்ர்...

நின்னான். சத்தமும் நின்னுட்டு.

திரும்பிப் பாத்தான். கரை நீளத்துக்கும் யாருமில்லை. மறுபடியும் நடந்தான். டக்... டக்... டக்... க்ர்ர்ர்ர்... இப்பம் இன்னும் பக்கத்துல, காதுக்கிட்ட. காத்து கொஞ்சங்கூட இல்லை, ஒரு எலை அசையலை. ஆனா ஒரு வாடை வந்தது. கிராம்புத் தைலம்.

சங்கரசுப்புவுக்கு உச்சந்தலை முடி எந்திரிச்சிட்டு. ஏன்னா அந்தச் சத்தத்துக்கும் அந்த வாடைக்கும் சங்கரங்கோயில்ல ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போயி, பதினாறும் முடிஞ்சி போச்சி.

பொறு, பொறு. அவசரப்படாதல, சவத்து மூதி. அந்த வீட்டுக்காரரு யாருன்னு சொல்லாம மேல போனா உனக்கு ஒரு மண்ணும் வெளங்காது.

பல்லு டாக்டர் சௌந்தரபாண்டியன். நீங்கள்லாம் அப்பம் டவுசரு போட்டுத் திரிஞ்ச பயலுவ, உங்களுக்குத் தெரியாது. கவர்மெண்டுல பல்லு டாக்டரா ஊரு ஊராப் போயி, ரிட்டையராகி, கடைசியில பொறந்த ஊருக்கே வந்தாக. வீட்டு முன்னறையில ஒரு சாய்வு நாற்காலி போட்டு, காலால மிதிச்சிப் பல்லைக் கொடையுற பழைய மிசினு ஒண்ணை வச்சிக்கிட்டாக. தெருவுல நடந்தாலே டக்கு டக்குன்னு கேக்கும். கிராம்புத் தைலம் மூணு வீட்டுக்கு மணக்கும்.

மனுசன்னா அவுகதான் மனுசன். பல்லைப் புடுங்கும்போது நமக்கு முன்னாடி அவுக மூஞ்சி சுளியும். மருந்து போட்டு, மரத்துப்போச்சான்னு பத்து தடவை கேட்டுத்தான் பல்லுப் புடுங்குற குறடைக் கையில எடுப்பாக. சின்னப் புள்ளைக அழுதா "வேண்டாம்யா, நாளைக்கு வா"ன்னு அனுப்பிருவாக. அதுக நாளைக்கு எங்க வரும்?

பொண்டாட்டி இசக்கியம்மாள் சாப்பிட்டாளான்னு கேக்காம சோத்துல கை வைக்க மாட்டாக. அந்தக் காலத்துல எவன் கேட்டான்? ஒத்தைக்கு ஒரு மக, ஞானபூரணம். பாரு, டாக்டரு ஊருக்கெல்லாம் இனிப்புத் திங்காதன்னு சொல்லுவாக, வெள்ளிக்கிழமை ஆனா மகளுக்கு அல்வா வாங்கிட்டு வாரது இவுகதான். தின்னு முடிச்சதும் மூணு பேரும் குழாயடியில வரிசையா நின்னு வாய் கொப்பளிப்பாக. தெருவே பாத்துச் சிரிக்கும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல சின்ன வயசுல அவளைத் தோள்ல தூக்கி வச்சிருப்பாக. அவ வளந்து காலேசு முடிச்ச பொறகும் ரோட்டைக் கடக்கும்போது கையப் பிடிச்சித்தான் கூட்டிட்டுப் போவாக. "எப்பா, விடுங்கப்பா, எல்லாரும் பாக்காக"ம்பா அவ. விட மாட்டாக.

அந்தக் கையப் பிடிச்சதையே அவுகளுக்குக் குழி தோண்ட எடுத்துக்கிட்டான் சங்கரசுப்பு.

டாக்டரு வீட்டுக்கு அடுத்தாப்புல இவன் மளிகைக்கடை. கடைக்குப் பின்னால வீடு. பொண்டாட்டி பிச்சம்மாள், நல்ல மனுசி. மக வள்ளித்தாய், பூரணத்துக்குச் சோடி. ரெண்டு புள்ளைகளும் ஒண்ணாத்தான் வளந்துச்சுக. பூரணத்துக்கு வாசுதேவநல்லூர் அரிசி மில்லுக்கார வீட்டுல இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பாங்கில வேலை. நல்ல குடும்பம். வந்து பாத்து, பிடிச்சிப் போயி, கை நனைச்சிட்டும் போயாச்சி.

ஆனா நம்ம பக்கம் என்ன வழக்கம்? உறுதி பண்ணுறதுக்கு முந்தி ஒரு பெரிய மனுசன் கமுக்கமா அந்தத் தெருவுக்கு வந்து, டீக்கடையில, மளிகைக்கடையில ஒரு வார்த்தை விசாரிப்பான். பொண்ணு எப்படி, குடும்பம் எப்படின்னு. அந்த ஒரு வார்த்தையில ஒரு புள்ளையோட வாழ்க்கை நிக்கும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வந்தாரு. நேரா சங்கரசுப்பு கடைக்குத்தான் வந்தாரு. ஒரு சோடா வாங்கிக் குடிச்சிட்டு, "டாக்டரு மக எப்படி அண்ணாச்சி?"ன்னாரு.

சங்கரசுப்புவுக்கு அந்த நிமிசம் தன் மக ஞாபகம் வந்திருக்கு. இந்த எடம் நம்ம வள்ளித்தாய்க்கு அமைஞ்சா என்னன்னு.

"தங்கமான புள்ளை"ன்னான் மொதல்ல. பொறகு குரலை எறக்கி, "என்ன... அப்பப்பம் வலிப்பு வரும். பாத்திருப்பீகளே, தகப்பனாரு கையப் பிடிக்காம ரோட்டுல விடவே மாட்டாரு. எங்க விழுந்திருவாளோன்னு பயம்தான்"ன்னான்.

அம்புட்டுத்தான். பாதிச் சோடாவை வச்சிட்டு அந்த மனுசன் எந்திரிச்சிட்டாரு. மறுநாள் தரகன் வந்து, வலிப்புக்காரப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டான். அது அப்படியே ஊரெல்லாம் பரவிட்டு. பூரணம் வாசல்ல எறங்குறதை விட்டா. கோயிலுக்குப் போறதை விட்டா. பொய்யின்னு யாருகிட்ட போயி நிரூபிக்க? வலிப்பு வரலைன்னு எப்படிய்யா காட்டுவ? டாக்டரு பாதியா எளைச்சிப் போனாக.

இந்தக் கூத்துக்கு நடுவுல சங்கரசுப்புவுக்கு கடைவாய்ப்பல்லு வலி. வேற டாக்டரு யாரு இருக்கா ஊருல? கூசாமப் போயி அந்த நாற்காலியில சாஞ்சிக்கிட்டான் பய. டாக்டரு மிசினை மிதிச்சி, பல்லைக் கொடைஞ்சிக்கிட்டே கேட்டாக. "அண்ணாச்சி... வாசுதேவநல்லூர்க்காரரு உங்க கடைக்கு வந்தாராமே. நீங்க என்ன சொன்னீக?"

இவன் வாய் பூராவும் பஞ்சு. எச்சியத் துப்பிட்டு எந்திரிச்சி உக்காந்து சொன்னான். "நம்ம கோயில் கோமதியம்மா மேல சத்தியமா, நல்லவிதமாத்தான் சொன்னேன் டாக்டரே."

உள்ள அடுப்படியில இசக்கியம்மாள் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா. அந்தச் சத்தம் அப்படியே நின்னுட்டு.

டாக்டரு கொஞ்ச நேரம் அவன் மூஞ்சியப் பாத்தாக. மிசினை விட்டுக் காலை எடுத்துட்டாக. "இன்னிக்கு இம்புட்டுப் போதும். பாதிதான் ஆயிருக்கு, தற்காலிகமா அடைச்சி விடுதேன். மிச்சத்தை அடுத்த வாரம் பாப்போம்"ன்னாக. மறுநாளு உச்சிப்பொழுதுல அதே முன்னறையில, மிசினுப் பக்கத்துலயே நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுச் சாஞ்சிட்டாக. மக பேரைத்தான் கூப்பிட்டாகளாம்.

ஊரே அழுதது. மெய்யாத்தான் சொல்லுதேன், கடை அடைச்சாங்க. கேத வீட்டுக்குள்ள நிக்க எடமில்லை. சங்கரசுப்புவும் போனான். குத்தமுள்ள நெஞ்சுல்லா? மத்தவன் ரெண்டு சொட்டு விட்டா இவன் குடம் குடமா விட்டான். காலைக் கட்டிக்கிட்டு ஒரே ஓலம்.

"என் பல்லைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீகளே டாக்டரே... மிச்சத்தை யாரு வந்து பாப்பா... நீங்கதான வரணும்... எந்திரிச்சி வாங்க டாக்டரே..."

ஒப்பாரி வச்ச பொம்பளைக எல்லாம் திரும்பிப் பாத்தாக.

நம்ம பக்கம் கேத வீட்டை விட்டுக் கெளம்பும்போது போயிட்டு வாரேன்னுகூடச் சொல்ல மாட்டோம், பேசாம எந்திரிச்சி வந்திருவோம். இவன் என்னடான்னா பொணத்தைப் பாத்து, செய்ய வேண்டிய வேலையையும் சொல்லி, வாங்கன்னு கூப்பிட்டுட்டான். பிச்சம்மா ஓடி வந்து அவன் தோள்ல நறுக்குன்னு கிள்ளி இழுத்துட்டுப் போனா. அது வரைக்கும் ஒரு சொட்டுக்கூட அழாம இருந்த இசக்கியம்மாள் தலையைத் தூக்கி அவனைப் பாத்தா. அவன் வாயை மட்டும் பாத்தா.

சரி, இப்பம் குளத்துக்கரைக்கு வாங்க.

சத்தம் காதுக்கிட்ட கேக்கு. வாடை மூக்கை அடைக்கு. சங்கரசுப்பு ஓடுதான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, பையில இருந்த பழம் சிதற, மில்லு வாசல்ல போயி விழுந்தான். தாய்மாமன் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயி பெஞ்சில உக்கார வச்சி, காப்பி குடுத்தாரு. சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. கூலி ஆளுக நெல்லு அள்ளுதாங்க, எல்லாம் சாதாரணமா இருக்கு. வெயிலு கிறுக்குன்னு நெனைச்சிக்கிட்டான்.

மெல்ல, "எங்க வீட்டுலயும் ஒரு புள்ளை இருக்கா"ன்னு ஆரம்பிச்சான்.

தாய்மாமன் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "பேசுவோம் அண்ணாச்சி. அதுக்கு முன்னால... டாக்டரு எறந்துட்டாருன்னு கேள்விப்பட்டோம், எங்களுக்கு மனசே சரியில்லை. அந்தப் பொண்ணுக்கு வலிப்புன்னு நீங்க சொன்னது நெசந்தானே?"

அங்கனயாவது நிறுத்தியிருக்கலாம். தலையைக் குனிஞ்சிருந்தாக்கூடப் போதும்.

"நெசந்தான்"ன்னான்.

டிங்.

காப்பித் தம்ளருக்குள்ள ஒண்ணு விழுந்தது. குனிஞ்சி பாத்தா முன்பல்லு. வேரோட. ஒரு பொட்டு ரத்தம் இல்லை, கழுவி எடுத்த மாதிரி சுத்தம். நாக்கை விட்டுத் துழாவுதான், எடம் காலியா இருக்கு. துளி வலி இல்லை. மரத்துப்போயிக் கெடக்கு.

தாய்மாமன் எந்திரிச்சி நின்னுட்டாரு. சங்கரசுப்பு பையைக்கூட எடுக்காம வந்துட்டான்.

மறுநாளு உச்சி நேரம். கடையில பருப்பு நிறுத்துக்கிட்டு இருக்கான். திடீர்னு தலை பின்னால சாஞ்சது. யாரோ நெத்தியில கைய வச்சி அழுத்துன மாதிரி. வாயி ஆன்னு திறந்தது. மூட முடியலை. சாமான் வாங்க வந்த மகபூப் பீவி பாத்துக்கிட்டே நிக்கா. "என்ன அண்ணாச்சி, என்ன செய்யுது?"ங்கா. கண்ணு ரெண்டும் பிதுங்குது. தொண்டைக்குள்ள இருந்து ஒரு சத்தம் வருது. உள்ள விரலு தட்டுப்பட்டதாம் அவனுக்கு. மெல்லிசு விரலு. ஒவ்வொரு பல்லா தொட்டுத் தொட்டுப் பாத்து, ஒண்ணுல நின்னுச்சாம்.

அன்னிக்கு மிசினுச் சத்தம் இல்லை. கிராம்புத் தைலம் இல்லை. மரத்துப்போக ஒரு மருந்தும் இல்லை. ஆட்டி ஆட்டி... முறுக்கி... தராசுத் தட்டுல பல்லு விழுந்த பொறகுதான் வாயி மூடிச்சி. அவன் போட்ட அலறல்ல தெருவே கூடிட்டு.

அதுக்குப் பொறகு அது வாடிக்கையாப் போச்சி. உச்சி ஆனாப் போதும். கடையைச் சாத்திட்டு உள்ள போயிக் கெடந்தாலும் விடலை. துண்டை வச்சித் தாடையோட தலையை இறுக்கிக் கட்டிப் பாத்தான். முடிச்சு தானா அவுந்தது. நோய் தீர்க்கும்னு கோயில் புத்து மண்ணை ஈறு பூராவும் அப்பிப் பாத்தான். மண்ணோட சேத்துப் பல்லு வந்தது. சோறு திங்க முடியலை. கஞ்சித் தண்ணியில உயிர் நின்னது. கன்னம் ரெண்டும் ஒட்டிப்போயி, ஆளே கிழவனா ஆயிட்டான்.

பிச்சம்மா ஒரு நாளு அவன் முன்னால வந்து உக்காந்தா. "என்ன செஞ்சீரு? மறைக்காமச் சொல்லும்"ன்னா.

சொன்னான். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னான்.

அவ தலையில அடிச்சிக்கிட்டா. "அடப் பாவி மனுசா! பூரணமும் நம்ம வள்ளித்தாயும் ஒரு தட்டுல தின்ன புள்ளைகளாச்சே! எந்திரிம். பொய் சொன்ன வாயாலயே போயி உண்மையச் சொல்லும். வாயி மிச்சம் இருக்கும்போதே சொல்லும்"ன்னா.

மறுநாளு காலைலயே ரெண்டு பேரும் பஸ் ஏறுனாக. மில்லுல எல்லாரையும் கூப்பிட்டு வச்சி, பொக்கை வாயால குழறிக் குழறிச் சொன்னான். நான் சொன்னது பொய்யி, அந்தப் புள்ளைக்கு ஒரு நோயும் கிடையாது, என் மகளுக்கு இந்த எடம் கிடைக்கும்னு ஆசைப்பட்டுச் சொன்னேன்னு. தாய்மாமன் அவனை அடிக்கக் கையை ஓங்கிட்டாரு. மாப்பிள்ளைப் பையன்தான் பிடிச்சிக்கிட்டான். நல்ல பையன். அவன் அன்னிக்கே கெளம்பி, பெரியவங்களோட டாக்டரு வீட்டுக்கு வந்து இசக்கியம்மாள் கால்ல விழுந்து கேட்டான். வருசம் திரும்புறதுக்குள்ள கலியாணம்னு உறுதியாப் பேசியாச்சி. பூரணம் அப்பா போட்டோ முன்னால நின்னு அன்னிக்குத்தான் வாய்விட்டு அழுதா.

முடிஞ்சதுன்னுதான் நெனைப்ப. பிச்சம்மாவும் அப்படித்தான் நெனைச்சா. டாக்டரு மனசு குளுந்திருக்கும், தங்கமான மனுசன்லா, இனி வர மாட்டாகன்னு.

மறுநாளு உச்சிக்குத் தலை பின்னால சாஞ்சது.

இந்தத் தடவை இன்னும் மெதுவா. இன்னும் ஆட்டி, இன்னும் முறுக்கி.

கடைசியில ஒத்தப் பல்லுதான் மிச்சம். டாக்டரு பாதியில அடைச்சி விட்ட அந்தக் கடைவாய்ப்பல்லு. சங்கரசுப்புவுக்கு எந்திரிச்சி நிக்கச் சீவனில்லை. பிச்சம்மாதான் அவனைத் தாங்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. உச்சி நெருங்குற நேரம். பூரணம் அடுப்படியில இருந்தா.

இசக்கியம்மாள் உள்ளறை மூலையில, முக்காடு போட்டு உக்காந்திருந்தா. கேதத்துல இருந்து அவ எடம் அதுதான். உச்சி நேரம் வந்தா கண்ணை மூடிக்கிட்டு அங்கன அசையாம இருப்பா, கும்பிடுதா போலன்னு அக்கம்பக்கத்துப் பொம்பளைக யாரும் கிட்ட போறதில்லை.

சங்கரசுப்பு நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். பேச்சு வரலை. பிச்சம்மாதான் பேசினா. "மதினி... இவரு செஞ்சது பெரிய பாவம். ஒத்துக்கிட்டாரு, போயிச் சொல்லிட்டாரு, புள்ளைக்கு நல்லது நடந்துட்டு. டாக்டரு அண்ணாச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இம்புட்டுப் போதும்னு சொல்லுங்க. உங்க வார்த்தையத் தட்ட மாட்டாக."

இசக்கியம்மாள் கண்ணைத் திறந்தா. குரல்ல கோவமே இல்லை.

"அவுக அன்னிக்கே போதும்னுட்டாக மதினி. வாசுதேவநல்லூர்ல விழுந்த அந்த மொதப் பல்லோட. சாயங்காலம் வந்து இங்கன, என் பக்கத்துல உக்காந்தாக. பாவம் இசக்கி, விட்டுரு, வலிக்கும்னாக. அவுக மனசு உங்களுக்குத் தெரியாதா?"

பிச்சம்மா கீழ கெடந்த புருசனைத் திரும்பிப் பாத்தா. "அப்பம்... மிச்சப் பல்லு...?"

"எம் மகளுக்கு வாழ்க்கை திரும்பி வந்துட்டு. சந்தோசம். எம் புருசன் திரும்பி வரலையே மதினி."

முக்காட்டை எறக்கி விட்டா. வலது கையைச் சேலையில நல்லாத் துடைச்சிக்கிட்டா. கண்ணை மூடினா.

சங்கரசுப்பு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டான். பிச்சம்மாவும் அவன் கை மேல தன் கையையும் வச்சி, இருக்க பலத்தையெல்லாம் சேத்து அமுக்குனா. நாலு கையி. அத்தனை கையையும் தள்ளிக்கிட்டு, அவன் வாயி மெல்ல... மெல்லத் திறந்தது.

மூலையில இருந்த இசக்கியம்மாள், இருந்த எடத்தை விட்டு அசையவே இல்லைன்னு பிச்சம்மா இன்னிக்கும் சொல்லுதா. முடிஞ்ச பொறகு கண்ணைத் திறந்து, "பூரணம், சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டாளாம்.